கொசுறுக்குக் கட்டம் இல்லை

பறவைகளையும் பூச்சிகளையும் இனம் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் ஒரு பிராணியை மட்டும் விட்டுவிட்டார்கள். அது மரத்தில் இருக்காது, நாற்காலியில் இருக்கும். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கும். அடுத்தவர் தன் வேலையை எப்படிச் செய்கிறார் என்று அது ஒருநாளும் போய்ப் பார்த்திருக்காது. ஆனால் அவர் எப்படிச் செய்ய வேண்டும் என்று திரையில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே இருக்கும். கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் வைக்கும். இதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது என்று அதற்குப் பொருள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் கட்டங்கட்டி.

செல்போன் வந்த பிறகு முளைத்த இனம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் பாட்டன்தான் அரசாங்க மனுவில் ‘தகப்பனார் அல்லது கணவர் பெயர்’ என்று ஒரே ஒரு வரி விட்டு, இரண்டு பேரும் இல்லாத பெண்ணை வாசலிலேயே நிறுத்தி வைத்தவன். இதன் சித்தப்பன்தான் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் சாதிக்கும் உட்சாதிக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று கேட்க இடம் போதாமல் போனவன். காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்தது. கட்டம் போகவில்லை. முன்பெல்லாம் கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் பொடியாக எழுதி வைக்கலாம், இரக்கமுள்ள குமாஸ்தா படிப்பார். திரைக்கு ஓரமும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில், இந்த இனத்தின் அருமையான மாதிரி ஒன்று இருக்கிறது. பெயர் கௌரிசங்கர். சென்னையில் ஏழு வருடம் கணினி வேலை பார்த்தார். ஊரடங்கின்போது மடிக்கணினியோடு ஊர் வந்தார். சாரலையும் பரோட்டா வாசனையையும் விட்டுத் திரும்பிப் போக மனம் வரவில்லை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவோ எளிதாகப் போயிருக்கும், திட்டிவிட்டு வந்துவிடலாம். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார், ரத்தம் கொடுப்பார், தெருநாய்க்கு பிஸ்கட் போடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பது மட்டும்தான் அவரால் ஆகாது.

அவர் செய்வது தொழில் நிறுவனங்களின் செலவையும் கொள்முதலையும் கவனிக்கும் செல்போன் செயலி. அதற்குக் ‘கண்காணி’ என்று பெயர் வைத்திருந்தார். இந்தப் பக்கத்து ஏழைகளை ஆள்பிடித்து மலையேற்றி, தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் கூலியைக் கணக்குச் சொல்லியே கரைத்தவனுக்கு இருந்த பட்டம் அது. செயலியில் வரும் தமிழைத் திருத்திக் கொடுக்கப் போயிருந்தபோது இதைச் சொன்னேன். “கேட்ச்சியா இருக்குல்லா சார்” என்றார்.

சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. நடுவே ஒரு பெண்ணின் படம்; இணையத்திலிருந்து எடுத்தது. கண்ணாடி போட்டு, ஒரு கிண்ணம் பச்சை இலையைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ‘அனுசியா, வயது 32, கொள்முதல் மேலாளர். அனுசியாவுக்கு நேரம் முக்கியம். அனுசியா தொழில்நுட்பத்தை விரும்புகிறாள்’ என்று எழுதியிருந்தது. யார் இந்தப் பெண் என்று கேட்டேன். அப்படி ஒருத்தி கிடையாது, செயலியைப் பயன்படுத்தப்போகிறவரைக் கற்பனை செய்துகொள்வதுதான் முறை என்றார். இல்லாத ஒருத்திக்குப் பெயர் வைத்து, உருவம் கொடுத்து, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தாமே முடிவு செய்து, அதன்படி நடக்காதவர்களைத் தண்டிக்கும் முறை நம் நாட்டுக்குப் புதிதா என்ன? நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த அனுசியாவுக்காக மூன்று வாரம் ஒரு பொத்தானின் நிறத்தை ஆராய்ந்தார். நீலம் நம்பிக்கை தரும் என்றார். பிறகு பச்சை இன்னும் நம்பிக்கை தரும் என்றார். நிஜமாகக் கொள்முதல் செய்கிற பெண், அந்த மூன்று வாரமும், தினம் காலை ஏழு மணிக்கு அவர் ஜன்னலுக்குக் கீழேதான் ஷேர் ஆட்டோவில் தென்காசி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் ஆவுடைத்தாய். இலஞ்சிக்காரர், நாற்பத்தெட்டு வயது. குற்றாலத்தில் நம்பிராஜன் அண்ணாச்சிக்கு நாற்பது அறையோடு ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அதன் சமையலறைக்குப் பதினோரு வருடமாக எல்லாம் வாங்கிப் போடுகிறவர் ஆவுடைத்தாய்தான். சீசனில் அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டத்தின் பசியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தியில் இலை போடும் முன்பே கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பசிக்கு, ஒருநாள்கூட அவர் கையில் காய் குறைந்ததில்லை. முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்வார். கணவர் இல்லை. மகள் வேல்விழி திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தச் சம்பளம்தான் அந்தப் படிப்பு.

நம்பிராஜன் அண்ணாச்சிதான் கண்காணியின் முதல் வாடிக்கையாளர். சீசன் தொடங்கும் ஜூன் மாதத்தில், நல்ல நேரம் பார்த்து, செல்போனைப் பூசை அறையில் வைத்துச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித் தொடங்கி வைத்தார். குங்குமம் கேமராக் கண்ணில் அப்பியிருந்தது. செயலி எடுத்த முதல் பில்லின் படத்தில் பில் தெரியவில்லை, செக்கச்செவேல் என்று மங்களம் மட்டும் தெரிந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு விருப்பம் இருந்தது. ராகு காலத்தில் கொள்முதல் நடக்கக் கூடாது. பொத்தான் அந்த நேரத்தில் அழுந்தக் கூடாது. சென்னையில் ஏழு வருடம் கணினி வேலை பார்த்த நம் கௌரிசங்கர் இதற்குச் சிரிக்கவில்லை, மறுக்கவில்லை, தலையைக்கூடச் சொறியவில்லை. “கிளையன்ட் ரிக்வயர்மென்ட்” என்றார். இரண்டே நாளில் முடித்துவிட்டார். ஏழு கிழமைக்கும் ஏழு நேரம், நிமிடம் பிசகாமல். அந்தச் செயலியிலேயே முதல் நாளிலிருந்து ஒரு பிழையும் இல்லாமல் ஓடிய ஒரே பகுதி அதுதான். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை பொத்தான் சாம்பல் பூத்துக் கிடக்கும். மார்க்கெட்டில் நல்ல காய் எல்லாம் போகிற நேரமும் அதுதான். திங்கள்தோறும் சாம்பார் தாமதமானது. இல்லாத கிரகம் ஒன்று குற்றாலத்துப் பந்தியில் முதல் இலை போட்டு உட்கார்ந்துகொண்டது.

மற்றபடி செயலி எளிமையானதுதான் என்பார் கௌரிசங்கர். “மூணே டச். அவ்வளவுதான்.” இந்த இனத்தின் தாய்மொழியில் எல்லாமே மூன்று டச்தான். சாரல் அடிக்கும் காலையில், மல்லிக்கட்டை உதறிய ஈரக் கையோடு நிற்கும் பெண்ணின் பெருவிரலைப் போன் மதிக்காது என்பது அந்த மூன்றில் சேராது. ஆவுடைத்தாய் விரலைச் சேலையில் துடைப்பார், தொடுவார். மறுபடி துடைப்பார், தொடுவார். சேலையும் நனைந்திருக்கும். கடைசியில் யாராவது காய்ந்த கைக்காரரைக் கூப்பிட வேண்டும். ஒரு ரோட்டோர மார்க்கெட்டில், ஜூன் மாதத்தில், காய்ந்த கைக்கு எங்கே போவது? கிலோ, லிட்டர், எண்ணிக்கை என்று மூன்று அளவுதான் செயலிக்குத் தெரியும். கட்டும் கூறும் தெரியாது. அதையும் அவர் சமாளித்தார். கீரைக்கட்டைத் தராசில் வைத்துக் கிலோவாக்கினார். கூறு போட்ட இஞ்சியை எண்ணி எண்ணிக்கையாக்கினார். மனிதர்கள் எதற்கும் வளைந்து கொடுப்பார்கள் என்பதுதான் கட்டங்கட்டிகளின் மொத்த மூலதனம்.

வளைக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. கொசுறு.

மார்க்கெட் முகப்பில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர் ஜாஹிரா பீவி. எலுமிச்சை, பச்சைமிளகாய், இஞ்சி, மல்லி, கீரை எல்லாம் ஆவுடைத்தாய் அவரிடம்தான் எடுப்பார். நூறு எலுமிச்சை எடுத்தால் கூட இரண்டு விழும். மல்லி எடுத்தால் கறிவேப்பிலை ஒரு பிடி. மிளகாய் நிறுத்த பிறகு தட்டில் ஒரு கை. இஞ்சியில் ஒரு துண்டு. யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. நிறுத்து முடித்த கை அப்படியே நீண்டு போடும். சந்தைக்குப் போன எவருக்கும் இது தெரியும். சந்தைக்குப் போன எவருக்கும்.

இந்தக் கொசுறு விடுதிச் சமையலறைக்கு வரும். அங்கே வாசலில் ஒரு தராசு வைத்திருந்தார்கள், அதுவும் செயலியோடு இணைந்தது. வாங்கியதாகப் பதியாத பொருள் தராசில் ஏறினால், ‘எப்படி வந்தது?’ என்று செயலி கேட்கும். சிவப்பு நட்சத்திரம். மூன்று பதில் உண்டு. ‘வாங்கியது’ என்று சொன்னால் விலை கேட்கும், பூஜ்யத்தை ஏற்காது. ‘திருப்பி வந்தது’ என்றால் யாரிடமிருந்து என்று கேட்கும். மூன்றாவது, ‘விற்பனையாளர் அன்பளிப்பு’.

பேசாமல் தராசைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாம்பாரில் கிள்ளிப் போட்டிருக்கலாம். ஆவுடைத்தாய்க்கு அது வரவில்லை. கடை கொடுத்தது எல்லாம் விடுதியின் சொத்து, அது தராசில் ஏற வேண்டும் என்பது அவர் நியாயம். இருக்கிற மூன்றில் பொய் குறைந்த பதிலைத் தேடி, மூன்றாவதைத் தொட்டார். தினம் நான்கு தடவை தொட்டார்.

அந்த மூன்றாவது கட்டம் எங்கிருந்து வந்தது? கைக்கடிகாரமும் வெளிநாட்டுப் பயணமும் கொடுத்துப் பெரிய பெரிய ஒப்பந்தங்களைப் பிடிக்கிறவர்களை மடக்க, எங்கோ பெரிய நிறுவனங்களில் போட்ட விதி அது. கௌரிசங்கர் அதை அப்படியே பெயர்த்து வந்து ஒரு பிடி கறிவேப்பிலையின் தலையில் வைத்துவிட்டார். அதற்கு ‘அன்பளிப்பு’ என்ற சொல்லைக் கொடுத்தவன் நான். ‘விற்பனையாளர்’ என்பதோடு அதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று அரைமணி நேரம் யோசித்தேன். இதை யார், எதற்காகத் தொடப்போகிறார்கள் என்று அரை நிமிடம் யோசிக்கவில்லை.

மாதக் கடைசியில் செயலி தானாக ஓர் அறிக்கை அனுப்பியது. இருபத்தாறு நாளில் நூற்று நான்கு அன்பளிப்பு, சந்தை மதிப்பு ரூபாய் இரண்டாயிரத்து எண்பது, பெற்றவர், ஆவுடைத்தாய். பக்கத்தில் சிவப்பு விளக்கு. ‘கையூட்டு ஐயம்.’

அண்ணாச்சி தன் அறைக்கு ஆவுடைத்தாயையும் கௌரிசங்கரையும் கூப்பிட்டார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க நானும் போயிருந்தேன்; அறிக்கையில் எழுத்துப் பிழை இல்லை. கௌரிசங்கர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். சிவப்புக் கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது.

“நூத்தி நாலு தடவ கை நீட்டியிருக்க ஆவுடை. நான் சொல்லல, போன் சொல்லுது” என்றார் அண்ணாச்சி.

“போன் என்னத்தச் சொல்லுது மொதலாளி? நான்லா அதுல போட்டேன்.”

“அதாங்க்கா பாயிண்ட். உங்க டேட்டாவ வச்சுத்தான் சிஸ்டம் பேசுது” என்றார் கௌரிசங்கர்.

“கொசுறு தம்பி அது. கறிவேப்பிலைக்கு யாரு துட்டு கேப்பா?”

“அப்ப அதுக்கு ஒரு பில்லு வாங்கிருங்க.”

“பில்லு போட்டா அது எப்படி கொசுறாவும்?”

கௌரிசங்கர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. பிறகு மிகுந்த வருத்தத்தோடு, “அந்த ஆப்ஷன் இல்லக்கா” என்றார்.

“ராவு காலத்துக்கு மட்டும் ஆப்ஷன் இருக்குல்லா” என்றார் ஆவுடைத்தாய்.

சாமி விஷயத்தை இதில் இழுக்காதே என்று அண்ணாச்சி முகம் கறுத்தார். அவர் பக்கத்துக் கணக்கில் நட்சத்திரமே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாளிக்கென்று தனி வாசல். அதே மாதம் வாஸ்து பார்த்தவருக்குப் பதினெட்டாயிரம் கொடுத்திருந்தார். ‘இதர’ என்று ஒரு சொல், பில் வேண்டாம், விளக்கம் வேண்டாம், பச்சை விளக்கு. சமையலறை வாசலை ஒரு முழம் வடக்கே தள்ளச் சொன்னவருக்குப் பதினெட்டாயிரம். சமையலறைக்குள் ஒரு பிடி இலையை இனாமாகக் கொண்டுவந்தவருக்கு விசாரணை. எளியவரின் சல்லிக்கு நாலு சாட்சி கேட்பதும் பெரியவரின் ஆயிரத்துக்கு ‘இதர’ என்று கண்ணை மூடுவதும் இந்த நாட்டில் கணினிக்கு முன்பே எழுதப்பட்ட நிரல். கௌரிசங்கர் அதைத் தட்டச்சு மட்டும்தான் செய்தார்.

தீர்ப்பு சொல்லப்பட்டது. பதினோரு வருடப் பழக்கத்துக்காக ஒரு மாதம் அவகாசம். இனி ஒரே ஒரு அன்பளிப்பு விளக்கு எரிந்தாலும், கணக்கை முடித்துக்கொண்டு போய்விட வேண்டும். ஆவுடைத்தாய் வாதாடவில்லை. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறவர்கள் அதிகம் வாதாடுவதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என்னை எழுத்துப் பிழைக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மார்க்கெட்டில் நடந்ததை ஆவுடைத்தாய் பிறகு எனக்குச் சொன்னார். எலுமிச்சை எண்ணி முடிந்தது. ஜாஹிரா பீவியின் கை வழக்கம்போல இன்னும் இரண்டை எடுத்தது. வேண்டாம் அக்கா, இனிமே கொசுறு போடாதிய என்று ஆவுடைத்தாய் தடுத்தார். ஏன் என்று பீவி கேட்க, விஷயத்தைச் சொன்னார்.

“ஏட்டி, நான் லஞ்சமா தாரேன்?”

“அப்படித்தான் எழுதி வச்சிருக்காவ.”

ஜாஹிரா பீவி கையிலிருந்த எலுமிச்சையைச் சாக்கில் வைத்தார். பிறகு ஒரு பில் புத்தகத்தை எடுத்தார். அன்றைக்கு வாங்கியதற்குக் கீழே, கறிவேப்பிலை, மிளகாய், இஞ்சி, எலுமிச்சை என்று நாலு வரி எழுதி, வரிக்கு இருபது ரூபாய் வீதம் எண்பது ரூபாய் கூட்டினார். இது லாட்ஜுக்கு என்று கிழித்துக் கொடுத்தார். அப்புறம் இன்னொரு பிடி கறிவேப்பிலையையும் இரண்டு எலுமிச்சையையும், ஒரு கை மிளகாயையும், ஒரு துண்டு இஞ்சியையும் எடுத்து, ஆவுடைத்தாய் தன் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருக்கும் வயர்கூடைக்குள் போட்டார்.

“இது ஒனக்கு. அவ்வளவு சரக்கு எடுத்தவள நான் சும்மா அனுப்ப மாட்டேன். லாட்ஜுக்கு வேண்டாம்னா ஒன் வீட்டுக்குக் கொண்டு போ.”

முதல் நாள் ஆவுடைத்தாய் அதை எடுத்து வெளியே வைத்தார். பீவி மறுபடி உள்ளே வைத்தார். இரண்டாம் நாள் பாதி மனதோடு விட்டுவிட்டார். ஒரு வாரம் போன பிறகு, கூடையின் வாயைத் தானே திறந்து பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்ததாகச் சொன்னார். வயர்கூடை தராசில் ஏறாது. அதற்குக் கட்டம் கிடையாது.

அடுத்த மாத அறிக்கை வந்தது. அன்பளிப்பு, பூஜ்யம். கொள்முதல் செலவு இரண்டாயிரத்து எண்பது ரூபாய் ஏறியிருந்தது. ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் இருந்ததால், செயலி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. பச்சை விளக்கு எரிந்தது. அண்ணாச்சிக்குப் பூரிப்பு. இனாமாக வந்துகொண்டிருந்ததற்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவருக்குத் தெரியவில்லை. ‘இம்மாதத்தின் சிறந்த கொள்முதலாளர்’ என்று ஒரு சான்றிதழ் அச்சடித்து, கண்ணாடி போட்டு, ஊழியர்களுக்கு முன்னால் கொடுத்தார். ‘ஒரே மாதத்தில் கையூட்டை நூறு விழுக்காடு ஒழித்தோம்’ என்று கௌரிசங்கர் இணையத்தில் போட்டார். அதோடு போட்ட படம் ஆவுடைத்தாயுடையது அல்ல. இலைக்கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் பெண்ணுடையது. நானூறு பேர் கைதட்டியிருந்தார்கள். இலத்தூரில் ஓர் அரிசி ஆலைக்காரர் எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அன்று மாலை ஆவுடைத்தாயை, இலஞ்சிக்குச் சாலை பிரியும் விலக்கில் பார்த்தேன். ஒரு கையில் சட்டம் போட்ட சான்றிதழ், இன்னொரு கையில் வயர்கூடை. வாழ்த்துச் சொன்னேன். எனக்கே அது நன்றாக இல்லை.

“பதினோரு வருசமா அம்புட்டுக் கொசுறும் மொதலாளி சாம்பார்லதான் விழுந்துச்சு. அதுக்குச் செவப்பு எரிஞ்சுது” என்றார். கூடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். “இப்ப இது தெனமும் என் வீட்டுக்கு வருது. பச்ச எரியுது. நீங்கதான தமிழ் பாத்த சாரு? இதுக்கு என்ன பேரு போடுவிய?”

ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டார். சான்றிதழின் கண்ணாடியில் சாரல் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டார். மகள் பார்த்தால் சந்தோஷப்படுவாள் அல்லவா?

கௌரிசங்கரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அடுத்த பதிப்பில் வயர்கூடையையும் தராசில் வைக்கச் சொல்லலாம் என்றார். வேண்டாம், நாளைக் காலை அந்த அம்மாவோடு ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வாருங்களேன் என்றேன். பார்ப்போம் என்றார். நாளை திங்கட்கிழமை, ஏழரைக்கு மேல் எதுவும் நடக்காதே என்றும் சொன்னார். தான் எழுதிய ராகு காலத்தைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார்.

நீங்கள் செயலி செய்கிறவர் இல்லை, எனக்குத் தெரியும். நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரிடம், லீவு எத்தனை நாள் என்று மட்டும் கேட்டு, ஏன் என்று சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். படிக்கப்போகும் பிள்ளையிடம், டாக்டரா இன்ஜினியரா, இரண்டில் ஒன்று சொல் என்று தாராளமாக இரண்டு கட்டம் கொடுத்திருக்க மாட்டீர்கள். வயதான மாமனாரிடம், வலி இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தியிருக்க மாட்டீர்கள். சரி. ஆனால் கட்டங்கட்டி என்று நான் சொல்ல ஆரம்பித்ததுமே உங்கள் மனத்தில் யாரோ ஒருவர் முகம் வந்தது. உங்கள் மேலதிகாரியோ, மைத்துனரோ, வங்கியில் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரோ. இவர்தான், சந்தேகமே இல்லை என்று அவரை அந்தக் கட்டத்துக்குள்ளே தூக்கி வைத்துவிட்டீர்கள்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?